கடைசி வினாடிகளில் நேரம் இழுப்பவர்கள்: நடுவர்களே, ஆட்டக்காரர்களே, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

பழைய விசில்:

பதினாறு வருடமாகக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரு 7.4 வினாடி மட்டும் மறக்கவில்லை.

நான்காவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி. வெள்ளை அணி கடைசி ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி ஷாட்) போட்டு ஒரு புள்ளி முன்னால் போய்விட்டது. நீல அணியிடம் டைம் அவுட், அதாவது திட்டம் போட ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு, மிச்சமில்லை. வலையிலிருந்து விழும் பந்தைப் பாய்ந்து எடுத்து, வெள்ளை அணி பின்னால் ஓடி நிற்பதற்குள் உள்ளே வீசிவிட வேண்டும். அவர்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கூடைக்கு அடியில் நின்ற வெள்ளை அணிப் பையன் பந்தைப் பிடித்தான். நிதானமாக என்னிடம் நடந்து வந்து, "இந்தாங்க சார்" என்று இரண்டு கையாலும் கொடுத்தான். என்ன ஒரு மரியாதை!

கடிகாரம் ஓடவில்லை. ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு, எல்லைக்கு வெளியிலிருந்து வீசிய பந்தை உள்ளே ஒருவர் தொட்ட பிறகுதான் ஓடும். அதனால் பத்தில் ஒரு வினாடிகூடக் குறையவில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு நொடிகளில் வெள்ளை அணியின் ஐந்து பேரும் தங்கள் இடத்தில் போய் நின்றுவிட்டார்கள். நீல அணியின் வேகம் போனது போனதுதான்.

அப்புறம் நான் செய்ததுதான் கொடுமை. விசில் ஊதி, அந்தப் பையனை எச்சரித்து, அவன் கோச்சிடமும் போய்ச் சொன்னேன். விதிப்படி சரி. ஆனால் அதற்கு ஆன நேரம் முழுக்க வெள்ளை அணிக்கு இலவச டைம் அவுட். அவன் தொடங்கிய வேலையை நான் முடித்துக் கொடுத்தேன். நீல அணி கோச் கத்தக்கூட இல்லை. "சார், அவன் கேட்டதைவிட நீங்க ஜாஸ்தியா குடுத்துட்டீங்க" என்றார்.

இதே அணி இரண்டாவது குவார்ட்டரில் மூன்று தடவை இப்படிப் பந்தைத் தொட்டது. 'சின்ன விஷயம்' என்று விட்டிருந்தேன். கூடை வழியாக விழுந்த பந்தை வேண்டுமென்றே தொட்டு ஆட்டத்தைத் தாமதிப்பது உலகக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் டெக்னிக்கல் ஃபவுல் (மோதலால் வராத, நடத்தைத் தவறு; எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ) பட்டியலில் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அந்த அணி முழுவதற்கும், ஆட்டம் முடியும்வரை செல்லும்; அதற்குப் பிறகு யார் செய்தாலும் அந்த ஃபவுலைக் கொடுக்கலாம். அதை இரண்டாவது குவார்ட்டரிலேயே செலவழித்திருந்தால் 7.4 வினாடியில் என் கையில் ஒரு ஆயுதம் இருந்திருக்கும்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கடிகாரக்காரன்:

நான் நடுவர் இல்லை. மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தை இயக்குகிறவன். கடைசி நிமிடத்தில் எல்லாரும் திட்டுவது எங்களைத்தான்.

ஒரு ஆட்டத்தில் 11.8 வினாடி. தோற்றுக்கொண்டிருந்த அணியின் ஆள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைத் தரையில் உருட்டிவிட்டான். அவர்களுடைய பாயிண்ட் கார்டு (பந்தை முன்னே கொண்டுபோகிறவன்) அதைத் தொடாமல், நாய்க்குட்டியோடு நடைபோகிற மாதிரி பக்கத்திலேயே நடந்தான். பந்து கிட்டத்தட்ட நடுக்கோடு வரை வந்துவிட்டது. கடிகாரம் 11.8லேயே நிற்கிறது. முன்னிலையில் இருந்த அணியின் கோச் என் மேசையை ஓங்கித் தட்டி, "ஓட விடுய்யா, தூங்குறியா?" என்று கத்தினார்.

என் கண் நடுவரின் கையில் இருந்தது. யாராவது தொடும்வரை அந்தக் கை மேலேயே நிற்கும், தொட்டதும் கீழே வெட்டும். அந்த வெட்டைப் பார்த்துத்தான் என் விரல் அழுத்தும். நடுவர் அந்தக் கோச்சிடம் ஒரே வரிதான் சொன்னார்: "உங்க ஆள் போய்ப் பந்தைத் தொட்டா கடிகாரம் தானா ஓடும்."

அதனால்தான் சொல்கிறேன், நேரம் இழுப்பது எல்லாமே குற்றம் இல்லை. சிலது வெறும் புத்திசாலித்தனம்.

எண் 11:

நடுவர்கள் மத்தியில் ஒரு குற்றவாளி பேசலாமா?

ஷூ லேஸ் என் சிறப்புத் துறை. எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்துக்குக் காத்திருக்கும்போது நான் குனிந்துவிடுவேன். அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்டி... போடப்போகிறவனின் கை சில்லிட்டுப் போகும். எங்கள் கோச்சே சொல்லிக்கொடுத்தது இது. ஒரு இறுதி ஆட்டத்தில் இரண்டாவது முறை குனிந்தபோது நடுவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அடுத்த தடவை அவிழ்ந்துச்சுன்னா பெஞ்சுல உக்காந்து நிதானமா கட்டிக்கோ தம்பி" என்றார். ஃப்ரீ த்ரோவை உடனே எடுக்க விடாமல் தடுப்பதற்கு டெக்னிக்கல் ஃபவுல் உண்டு என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து இரட்டை முடிச்சு.

எங்கள் அணியின் நட்சத்திரம் இதைவிடப் பெரிய நடிகன். 9 வினாடி, ஒரு புள்ளி பின்னால், டைம் அவுட் காலி. காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசைப்பிடிப்பாம். எங்கள் பெஞ்சிலிருந்து ஓடிப்போய்க் காலை நீட்டிவிட்டார்கள். மற்ற நாலு பேரும் கோச்சைச் சுற்றி நின்று திட்டம் கேட்டோம். எல்லாம் கச்சிதம். அப்புறம் எழுந்து, "ஓகே சார், நான் ரெடி" என்றான்.

நடுவர் மாற்று ஆள் சைகை காட்டினார். பெஞ்சிலிருந்து யாராவது உள்ளே வந்து உதவி செய்துவிட்டால் அவன் வெளியேறியே ஆக வேண்டும். உதவியே இல்லாவிட்டாலும் சுமார் 15 வினாடிக்குள் ஆடத் தயாராக வேண்டும். நாங்கள் போட்ட திட்டம் முழுக்க அவன் கையை நம்பியிருந்தது. பதிலுக்கு வந்த சின்னப் பையன் பந்தை உள்ளே வீச இடம் தேடிக்கொண்டே நிற்க, நடுவர் கையை வீசி எண்ணி ஐந்து வினாடியைத் தாண்டிவிட்டார். பந்து எதிரணிக்கு. நட்சத்திரம் பெஞ்சில் முழு ஆரோக்கியத்தோடு உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது வரிசை:

நான் பார்வையாளன் மட்டும்தான். எண் 11 சொன்ன நாடகத்துக்கு அண்ணன் ஒன்று அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் நடந்தது. 2013 நவம்பர் 27, புரூக்ளின் நெட்ஸ், லேக்கர்ஸ் ஆட்டம். 8.3 வினாடி மிச்சம், நெட்ஸிடம் டைம் அவுட் கிடையாது. கோச் ஜேசன் கிட் கையில் குளிர்பானக் கோப்பை. தன் ஆட்டக்காரர் பக்கத்தில் வரும்போது 'என்னை இடி' என்று சொன்னது வீடியோவில் உதட்டசைவிலேயே தெரிகிறது. அவர் இடிக்க, பானம் தரையில். துடைக்கிற நேரத்தில் உதவிக் கோச் திட்டம் வரைந்துவிட்டார். நடுவர் என்ன செய்ய முடியும்? ஈரத் தரையில் ஆட விட முடியுமா? கடைசி ஷாட் உள்ளே போகவில்லை, 99-94 என்று லேக்கர்ஸ் ஜெயித்தது. மறுநாள் கிட்டுக்கு 50,000 டாலர் அபராதம்.

எல்லைக்கோடு:

பதினொரு வருடமாக நடுவராக இருக்கிறேன். எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் தடுப்பு ஆள் முன்னால் நிற்க, பந்தை உள்ளே வீசப்போகிறவனிடம் கொடுக்கும்போது, எல்லைக் கோட்டுக்கு இணையாகக் கையை அசைத்துக் காட்டுவோம். 'கோட்டைத் தாண்டிக் கை வரக்கூடாது' என்று அர்த்தம். அந்தச் சைகைதான் எச்சரிக்கை. அதற்குப் பிறகு இன்னொரு எச்சரிக்கை கிடையாது, நேரே டெக்னிக்கல் ஃபவுல். பழைய விசில் மாட்டிக்கொண்ட பொறி இதில் இல்லை பாருங்கள். எச்சரிக்கை கொடுக்க ஆட்டத்தை நிறுத்தவே வேண்டாம்.

3.1 வினாடி இருந்தது. இரண்டு புள்ளி முன்னால் இருந்த அணியின் நெட்டையன் ஒருவன் வீசுகிறவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். சைகை காட்டினேன். வாயாலும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றான். பந்தைக் கொடுத்த மறு நொடியே கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி, வீசுகிறவன் கையிலிருந்த பந்தைத் தட்டினான்.

அரங்கம் முழுக்க என்னைப் பார்க்கிறது. ஒரு கணம், 'தட்டியதால் கடிகாரமும் ஓடவில்லை, பேசாமல் திரும்ப எடுக்கச் சொல்லிவிடலாமா' என்று தோன்றியது உண்மை. அப்படிச் செய்தால் அவனுக்கு நஷ்டமே இல்லை. வீசுகிறவனின் திட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டான், அவன் ஆட்கள் அதற்கேற்றபடி மாறி நிற்பார்கள். டெக்னிக்கல் கொடுத்தேன். ஒரு ஃப்ரீ த்ரோ உள்ளே போனது. வித்தியாசம் ஒன்று. பந்து திரும்ப அதே இடத்தில் அதே அணிக்கு. கடைசி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது, அதனால் நெட்டையனின் அணிதான் ஜெயித்தது. ஜெயித்த கோச்சே என்னிடம் வந்து, "மூணு செகண்ட் இருக்கும்போது யாராவது இதைக் கொடுப்பாங்களா?" என்று சண்டை போட்டார். மூன்று செகண்ட் இருக்கும்போது யாராவது இதைச் செய்வார்களா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

2022 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதே கடைசி 2 நிமிடத்தில், பந்து வீசப்படுவதற்கு முன்பே உள்ளே ஓடுகிற ஆளைத் தடுப்பு அணி ஃபவுல் செய்தால், ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு. கடிகாரம் நகராமலே ஃபவுல் செய்து ஆட்டத்தை நறுக்குகிற வித்தைக்கு அது சரியான பூட்டு.

பெஞ்சுக் கோச்:

எல்லாரும் ஆட்டக்காரர்களையே குற்றம் சொல்கிறீர்கள். நான் கோச். கொஞ்சம் என் பக்கமும் கேளுங்கள்.

நேரத்தைக் கொல்வது இந்த ஆட்டத்தின் ரத்தத்தில் இருக்கிறது. 1950 நவம்பர் 22 அன்று என்பிஏவில் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று ஜெயித்தது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் புள்ளி! பந்தை வைத்துக்கொண்டே நின்றார்கள். அன்று அதைத் தடுக்க நடுவரிடம் விதியே இல்லை. 24 வினாடிக்குள் ஷாட் போட வைக்கும் ஷாட் கிளாக் 1954இல்தான் வந்தது. ஆக, விதி பிடிக்கும்வரை இழுப்பது கோச்சின் வேலை. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள். திரையில் மறுபடி பார்க்கிறோம் என்று மூன்று நான்கு நிமிடம் எடுக்கிறீர்களே, அதைவிடப் பெரிய டைம் அவுட் எது? ஒரு தடவை என் எதிரணி மூச்சுத் திணறி நின்றது. எங்களிடம் வேகம் இருந்தது. பந்து யார் கையில் பட்டு வெளியே போனது என்று பார்க்கப் போனார்கள். வந்தபோது எதிரணி சட்டை உலர்ந்திருந்தது. முடிவு எங்கள் பக்கம்தான். ஆட்டம் அவர்கள் பக்கம் போய்விட்டது.

கடைசிக் கட்டத்தில் ஆட்டக் கடிகாரத்தையே அணைத்துவிட்டு, குறிப்பிட்ட புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயிப்பது என்று நிக் ஈலம் என்பவர் ஒரு முறை சொன்னார். 2020 என்பிஏ ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அதை முயன்று பார்த்தார்கள். இழுப்பதற்குக் கடிகாரமே இல்லை. அதுவும் கடைசியில் ஒரு ஃப்ரீ த்ரோவில்தான் முடிந்தது, 157-155. சிரிப்புத்தான் வந்தது.

கடிகாரக்காரன்:

கோச் சார், திரை இல்லாத காலத்து மூன்று வினாடியை மறந்துவிட்டீர்களா? 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். அமெரிக்கா இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு 50-49. மூன்று வினாடி பாக்கி. டைம் அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்று சோவியத் பெஞ்சு சொல்ல, ஆட்டம் ஒரு வினாடியில் நின்றது. ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து மூன்று வினாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைப்பதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டார்கள், ஹார்ன் அடித்துவிட்டது, அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். மூன்றாவது முறையாக அதே மூன்று வினாடி. இவான் எதெஷ்கோ மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வீச, அலெக்சாண்டர் பெலோவ் போட்டுவிட்டார். 51-50. அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி நிமிடத்தில் என் விரல் ஏன் நடுங்குகிறது என்று இப்போது புரிகிறதா?

திரை நான்கு நிமிடம் எடுத்தாலும் பரவாயில்லை என்பேன்.

எண் 11:

கோச் சார் பேச்சைக் கேட்டால் என்னைக் குனியச் சொன்ன எங்கள் கோச் ஞாபகம் வருகிறது. டெக்னிக்கல் விழுந்திருந்தால் என் பெயரில்தான் விழுந்திருக்கும்.

பழைய விசில்:

கோச் சார் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திரைக்குப் போவதற்கு முன் நானும் என் சக நடுவர்களும் பத்து நொடி பேசிக்கொண்டாலே பல தடவை போக வேண்டிய அவசியம் இருக்காது. மீதிப் பாதிக்கு, சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் குவார்ட்டரில் முதல் ஆள் பந்தைத் தொட்டதும், பந்து செத்து கடிகாரம் நின்ற அடுத்த இடைவெளியிலேயே எச்சரித்துவிடுகிறேன். கோச்சிடம் போய், "உங்க டீம் முழுசுக்கும் சொல்லிட்டேன், ஆட்டம் முடியிறவரைக்கும்" என்கிறேன். பத்து நொடி வேலை. அந்த நேரத்தில் அந்தப் பத்து நொடியால் யாருக்கும் லாபம் இல்லை.

அந்த ஆட்டத்திலும் அப்படித்தான் செய்தேன். கடைசியில் 4 வினாடி, ஒரு புள்ளி வித்தியாசம். முன்னால் போன அணியின் பையன் கூடைக்கு அடியில் நின்றான். பந்து வலையிலிருந்து விழுந்தது. பழக்க தோஷத்தில் கை நீண்டது. பெஞ்சிலிருந்து, "தொடாதே!" என்று அவன் கோச்சே அலறினார். சுட்ட மாதிரி கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் துள்ளியது. எதிரணி எடுத்தது, வீசியது, ஓடியது, ஷாட் போட்டது. போகவில்லை.

ஆட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது தோற்ற அணியின் கோச் வந்தார். முதல் குவார்ட்டரிலேயே சின்ன விஷயத்துக்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்து ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறேன் என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்.