பரண் போட பிளைவுட்டா, சிமெண்ட் ஸ்லாபா?

வணக்கங்க. எங்க வீடு கடலூர் முதுநகர்ல. பத்துக்குப் பன்னிரண்டுல ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. மாமியாரோட சேர்த்து அஞ்சு பேர்.

பீரோ மேல சூட்கேஸ், அதுக்கு மேல பாய், பாய்க்கு மேல கொலுப்பெட்டின்னு அடுக்கி வச்சிருக்கேன். போன வாரம் பாயை உருவினப்ப பெட்டி சரிஞ்சு விழுந்துச்சு. செட்டியார் பொம்மைக்குக் கை போச்சு, எனக்குப் புருவம் வீங்கிடுச்சு.

2011 தானே புயல்ல ஓடெல்லாம் பறந்ததும் தளம் போட்டோம். உயரம் பத்தடி. கதவுக்கு மேல மூணடி சும்மாதான் கிடக்கு. அங்க பரண் போட ஆசாரி பிளைவுட் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. ஐப்பசி, கார்த்திகையில சுவர் ஓதம் காத்து நிக்கும். உப்புக் காத்துல இரும்பு ஸ்டாண்டே ரெண்டு வருஷத்துல பொரிப்பொரியா உதிர்ந்துடுச்சு.

நடுச்சுவர் நாலரை இஞ்ச்தான். அதுல ஆணி அடிச்சு நிறுத்தினா பாரம் தாங்குமா, இல்ல ஒன்பது இஞ்ச் வெளிச்சுவர் பக்கம்தான் போடணுமா? கடப்பா கல் வச்சவங்க இருக்கீங்களா? பிவிசி போர்டு நடுவுல தொங்கிடுமோ?

கட்டிலுக்கு அடியில டிராயர் வேணாம். பெருமழைன்னா தெருத்தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வந்துடும்.

வேண்டாததைத் தூக்கிப் போடுன்னு மட்டும் சொல்லாதீங்க. மாமியாரோட பித்தளை அண்டா பக்கம் நான் போக முடியாது.

உங்க வீட்டுப் பரண் போட்டோ இருந்தா அனுப்புங்க, என்ன செலவாச்சுன்னும் சொல்லுங்க. தை பொறந்ததும் வேலையை ஆரம்பிக்கணும்.