பள்ளியின் பழைய படங்களுக்கு விலை காட்டும் அகப்பக்கம்: எங்களுக்கு எந்த வகைத் தளம் பொருந்தும்?

சங்கச் செயலாளர் (சுங்கை சிப்புட்):

வணக்கம். எங்கள் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்திற்காக எழுதுகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்துக் குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டதால், எல்லாரும் வந்து பார்க்க ஓர் அகப்பக்கம் வேண்டும் என்று செயலவை முடிவெடுத்தது. சங்கச் செய்திகள், பழைய படங்கள், கட்டட நிதிக்கு நன்கொடை, தீபாவளிக்கு முன் மகளிர் பிரிவு செய்து விற்கும் முறுக்கும் நெய் உருண்டையும் ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

அமைத்துத் தந்த நிறுவனம் வேர்ட்பிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளில் வூகாமர்ஸ் என்னும் கடை அமைப்பை நிறுவி, நான்கையும் அதற்குள்ளேயே போட்டுவிட்டது. இப்போது 1978ஆம் ஆண்டுக் குழுப்படத்தைத் திறந்தால் அடியில் ‘ரிம0.00, கூடையில் சேர்’ என்று நிற்கிறது; கட்டட நிதிக்குப் பக்கத்தில் ‘கையிருப்பு: 12’ என்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படத்தைச் சேமிக்கப் போய், அஞ்சல் குறியீடு வரை நிரப்பச் சொல்கிறதே என்று அழைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? அழித்தால் படங்கள் போய்விடுமா?

தளம் கட்டுபவர் (தாப்பா):

வணக்கம் ஐயா. எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் தளத்தில் கோளாறு ஏதுமில்லை. அது கடையாகவே பிறந்ததால் கடையைப் போலவே நடந்துகொள்கிறது. வூகாமர்ஸில் உள்ளிடும் ஒவ்வொன்றும் ‘பொருள்’ என்ற வகையில் பதிவாகும் என்பதால், விலை, கையிருப்பு, அனுப்பும் முகவரி ஆகியவற்றை அது தேடத்தான் செய்யும். செய்திப் பகுதிக்குத் தேதிதான் முதுகெலும்பு. புதியது மேலே வர, பழையது கீழே இறங்கும். ஆவணத் தொகுப்புக்கோ தேதி வரிசை போதாது. எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, படத்தில் இருப்பவர் யார் யார், படத்தைக் கொடுத்தவர் யார் என்று பல வழிகளில் தேட முடிந்தால்தான் அது தொகுப்பு. தம் அப்பாவின் படத்தைத் தேடி வரும் ஒருவருக்கு அது எந்த மாதம் தளத்தில் ஏற்றப்பட்டது என்பதைப் பற்றி என்ன கவலை?

ஆகவே செய்தியையும் தொகுப்பையும் உங்கள் தளத்தில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கடை அமைப்பிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விற்கும் பலகாரத்திற்காக ஆண்டு முழுவதும் ஒரு கடையைப் பராமரிப்பது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், வீண் சுமை. ஷோப்பீ போன்ற சந்தைத் தளமோ புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு முன்பதிவுப் படிவமோ அதற்குப் போதும். நன்கொடைக்குச் சங்கத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கிற்குக் கைப்பேசி வழி பணம் அனுப்ப உதவும் டூயிட்நவ் கியூஆர் படத்தையும், சங்கப் பதிவு எண்ணையும், செலவுக் கணக்கையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். கியூஆரை வருடியவுடன் பெறுநர் பெயர் திரையில் தெரியும். அது தனிநபர் பெயராக இருந்தால் நான்கூடக் கொடுக்க மாட்டேன்.

படங்களைப் பொறுத்தவரை, பொருள் பதிவை நீக்கினாலும் படக்கோப்பு ஊடக நூலகத்தில் இருக்கும். ஆனால் அதோடு எழுதிய விளக்கம் போய்விடும் என்பதால், நீக்காமல் பதிவின் வகையை மட்டும் ‘பொருள்’ என்பதிலிருந்து ‘இடுகை’க்கு மாற்றுங்கள், ‘போஸ்ட் டைப் சுவிட்சர்’ என்ற செருகுநிரல் அந்த வேலையைச் செய்யும். முதலில் தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகை மாறும்போது அந்தப் பக்கத்தின் இணைய முகவரியும் மாறும் என்பதால், புலனத்தில் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் புதிய பக்கத்திற்குப் போகும்படி 301 திருப்புதல் என்னும் நிரந்தர மாற்றுவழியையும் அமைக்க வேண்டும்.

தோட்டத்துப் பையன்:

இவ்வளவு சிரமம் எதற்கு, அண்ணன்? பள்ளி வரலாற்றை விக்கிப்பீடியாவிலும், படங்களை முகநூல் குழுவிலும் போட்டுவிட்டால் செலவே இல்லையே.

நூலகர் (தைப்பிங்):

தம்பி சொல்லும் இரண்டு தளங்களும் வேறு வேலைக்காக அமைந்தவை. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. அது கலைக்களஞ்சியம் என்பதால், நாளிதழிலோ நூலிலோ ஏற்கெனவே வெளிவந்ததைச் சான்று காட்டித்தான் எழுத முடியும். பழைய கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஒருவர் தம் நினைவிலிருந்து சொன்ன செய்தி உண்மையாகவே இருந்தாலும் அங்கே நிற்காது. அந்த நினைவு உங்கள் தொகுப்பில்தான் இருக்க வேண்டும். விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் படம் ஏற்றலாம். ஆனால் யாரும் வணிக நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் அனுமதித்திருக்க வேண்டும், ஸ்டூடியோ எடுத்த படத்திற்கு அந்த அனுமதியை நாம் கொடுக்க இயலாது.

முகநூல் உரையாடலுக்கு நல்ல இடம். ‘இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது நிற்பவர் யார்?’ என்று கேட்டால் அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும். அடுத்த மாதம் அதே பதிலைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அங்கே கேளுங்கள், கிடைத்த பெயரைத் தளத்தில் உள்ள படத்தின் குறிப்பில், ஒருங்குறித் தமிழில், எழுத்தாக ஏற்றுங்கள். படத்தின் மீதே பெயரைப் பொறித்துவிட்டால் தேடுபொறி அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது.

சங்கச் செயலாளர் (சுங்கை சிப்புட்):

இருவருக்கும் மிக்க நன்றி. மகளிர் பிரிவு புலனப் படிவத்திற்கு உடனே ஒத்துக்கொண்டது. இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் முகவரி ‘.com’ என்று முடிகிறது. பொதுநலச் சங்கம் என்றால் ‘.org’ தான் வேண்டும், இல்லையேல் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று ஓர் உறுப்பினர் வாதிடுகிறார்.

தளம் கட்டுபவர் (தாப்பா):

‘.gov.my’ அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் அந்த முடிவைப் பார்த்து ஒரு தளத்தை அடையாளம் காணலாம். வெறும் ‘.org’ அப்படியன்று, பணம் கட்டும் எவரும் வாங்கலாம். அதனால் அது நம்பிக்கைக்குச் சான்றாகாது. பழைய இணைப்புகளையும் முறிக்கும் என்பதால் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்த முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அவர்கள் பெயரில் இருந்தால், பதிவு காலாவதியாவதற்கு முன்பே சங்கத்தின் பெயருக்கு மாற்றச் சொல்லி, நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லையும் வாங்கிவிடுங்கள். தொடர்பு மின்னஞ்சலாகச் செயலாளரின் சொந்த முகவரியைக் கொடுக்காமல், சங்கத்திற்கென்று தனியாக ஒன்றைத் திறந்து கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பாளர்கள் மாறினாலும் புதுப்பிப்பு அறிவிப்பு சரியான கைக்கு வந்து சேரும்.