வேலூர்ப் பக்கத்து மக்களே, 2019 கோடையில் உங்கள் வீட்டுக் குடம் எப்படி நிரம்பியது?

சத்துவாச்சாரி:

ஜோலார்பேட்டை என் அம்மா வீடு. 2019 ஜூலை 12 அன்று காலையில் நான் அங்கேதான் இருந்தேன். சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் கிளம்பப் போகிறது என்று தம்பி வந்து கூப்பிட்டான், போய்ப் பார்த்தோம். ஐம்பது வேகன். மொத்தம் 25 லட்சம் லிட்டர். மேட்டூரிலிருந்து நம் பக்கத்து ஊர்களுக்காக வரும் காவிரித் தண்ணீர்தான் அது. மேட்டுச்சக்கரகுப்பத்திலிருந்து தனியாகக் குழாய் போட்டு ஸ்டேஷன் வரை கொண்டுவந்து ஏற்றினார்கள்.

அந்த ரயில் போய் நின்றது வில்லிவாக்கத்தில். என் தங்கை குடியிருப்பதும் வில்லிவாக்கம்தான். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுபோன வருஷம் அது. பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே பக்கெட் தண்ணீரில் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரையும் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறேன் என்று போனில் அழுதிருந்தாள். அதனால் ரயில் நகர்ந்தபோது எனக்கு மனசு நிறைந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் சத்துவாச்சாரிக்குத் திரும்பினேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டுக் குழாய் தரைமட்டத்தில் இல்லை. பிரஷர் போதாமல் வாசலில் குழி வெட்டி, குழாயை இரண்டரை அடி கீழே இறக்கி வைத்திருந்தோம். குழிக்குள் குடம் நிற்காது. ஒரு குண்டான் வைத்துப் பிடித்து, சொம்பால் மொண்டு மேலே குடத்தில் ஊற்ற வேண்டும். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று சீறும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் தெருவே எழுந்துவிடும். நாங்கள் கதவைக்கூடச் சாத்தாமல் வாசல்படியில் படுத்திருக்கிறோம். எதிர்வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதிருக்கும். "முதல்ல வர்ற தண்ணிய கீழ ஊத்தாதம்மா, செடிக்காவது ஆவும்" என்பார். துருவும் சேறுமாகச் செம்மண் நிறத்தில் வரும் அதையும் ஒரு பக்கெட்டில் பிடித்துத் தெளிய வைப்போம். ஒரு முறைக்குப் பதினெட்டுக் குடம். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் பக்கம் எப்படி இருந்தது? 2019 என்றில்லை, பழைய அனுபவமானாலும் எழுதுங்கள்.

விரிஞ்சிபுரம்:

அக்கா, நீங்கள் குழாயை இறக்கினீர்கள், நாங்கள் கிணற்றை இறக்கினோம். தாத்தா காலத்தில் முப்பது அடி. நைனா ஐம்பதாக்கினார், அப்புறம் உள்ளே பக்கப் போர் போட்டார். என் காலத்தில் கிணற்றை விட்டுவிட்டு வெளியே போர் போட்டோம்.

எங்கள் நிலம் பாலாற்றை ஒட்டி இருக்கிறது. பாலாற்றில் எந்த வருஷம் தண்ணீர் ஓடியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓடாவிட்டாலும் அது ஆறுதான். தண்ணீர் மணலுக்குள்ளே இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பொங்கல் முடிந்ததும் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கி ஊற்றுக்கால் தூர் எடுப்பார்கள். மணலில் நீளமாகக் கால்வாய் வெட்டினால் இரண்டு பக்கமும் கசிந்து வரும், அதையே வயல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவோம். வட ஆற்காட்டில் பாலாற்றங்கரை முழுக்க இப்படித்தான் பயிர் செய்தார்கள்.

வீட்டுக்குக் குடிக்க வேண்டுமென்றால் கையாலேயே ஊற்று தோண்டுவோம். முழங்கை ஆழம் போனதும் கலங்கலாகச் சுரக்கும். முதல் இரண்டு குடம் இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் மணல் அடியில் உட்கார்ந்துவிடும், உள்ளே ஒவ்வொரு பருக்கையும் தெரியும். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு ஊற்றுவோம். அந்தத் தண்ணீரின் ருசியை என் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஆற்று மணலைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் ஊறிய மணல் ஒரு லோடு என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் தண்ணீருடையது. வெயிலில் காயாத, மூடிவைத்த ஏரி மாதிரி. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரே சேர்ந்து மறித்தும் பார்த்தோம், ராத்திரியில் போனது. அடியில் களிமண் தெரிந்ததும் சீமைக் கருவேலம் முளைத்தது. ஊற்றுக்கால் இருந்த இடம் இப்போது முள்ளுக்காடு.

கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் அணை கட்டித் தடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். நந்திமலையில் பிறக்கும் ஆறு, மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில்தான் ஓடுகிறது. ஆற்று நீருக்காக மைசூரும் சென்னை மாகாணமும் செய்த 1892 ஒப்பந்தத்தைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய 222 கிலோமீட்டரில் மணலை அள்ளியது யார்?

2021 நவம்பரில் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1903இல் வாணியம்பாடியை அடித்துப்போன வெள்ளத்தைத் தன் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பதாக எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். 2021இலும் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. நான் கரையில் நின்று அழுதேன். எங்கள் பழைய கிணற்றில் குனிந்து கையால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. ஆனால் மணல் இருந்த காலமாக இருந்தால் அது எத்தனை வருஷத்துக்கு நின்றிருக்கும்! வந்த வேகத்திலேயே பெரும்பகுதி வயலூர்க் கடலுக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த கோடைகளில் கிணறு படிப்படியாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காட்பாடி:

எங்கள் வீட்டில் போர் போட்ட கதை. திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் வண்டி வந்தது. அதற்கு முதல் நாள் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், அது எழுந்து நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் ஏற்றினோம். நானூறு அடியில் கொஞ்சம் ஈரம் தட்டியது. அதற்குக் கீழே வெறும் கல். வெள்ளை மாவு மாதிரி தூள் பறந்து பக்கத்து வீட்டுக் கொடித் துணி, மாடி, மாமரம் எல்லாம் மூடியது. அறுநூறு, எழுநூறு. ஒவ்வொரு பைப்பு இறங்கும்போதும் அப்பா பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார். எண்ணூற்று நாற்பதில் நிறுத்தச் சொல்லிவிட்டார். தங்கையின் கல்லூரிப் பணம் அது. பாறைப் பூமியில் தண்ணீர் நிற்கும் விரிசல்கள் பல இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், நான் இன்னும் ஆழமாகப் போனால் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் இழுத்துவிடக்கூடும். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

லாட்ஜ் மேனேஜர், வேலூர் டவுன்:

இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் எங்கள் தெருவில் தங்குகிறார்கள். சமையலும் அவர்களே செய்துகொள்வார்கள். அந்தக் கோடையில் ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு நான்கு பக்கெட் என்று நான் போர்டு எழுதி வைத்தேன். ஆபரேஷன் முடிந்த பிள்ளையோடு இருந்த ஒரு அம்மா ஐந்தாவது பக்கெட்டுக்காகக் கைகூப்பி நின்றார். கொடுத்தேன். போர்டையும் கழற்றிவிட்டேன். லாரித் தண்ணீரைக் கடனுக்கு வாங்கிச் சமாளித்தோம்.

ராணிப்பேட்டை:

எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாமல் இல்லை. என் அத்தை வீட்டுக் கிணறு ஒரு கோடையிலும் வற்றியது கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரில் சோறு பொங்கினால் மஞ்சளாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் வாடை வரும். துணி துவைத்தால் நுரை நிற்காது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது நம் பாலாற்றுத் தண்ணீரால்தான். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் அத்தை இறந்துபோனார். கடைசி வரைக்கும் கிணற்றைப் பார்த்துக்கொண்டே கேன் தண்ணீர் குடித்தார். தோல் தொழிலில்தான் எங்கள் குடும்பமும் சாப்பிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வறட்சி என்று பேசும்போது மழைக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், நிறைந்த கிணற்றோடும் ஒரு ஊர் தாகத்தில் இருக்கும்.

கணியம்பாடி:

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வறண்டுபோன நாகநதியை மீட்க அதில் உறை இறக்கிய வேலையில் அம்மாவும் இருந்தார். நூறு நாள் வேலைதான். முதலில் நம்பிக்கையே இல்லையாம், "காஞ்ச ஆத்துல கெணறு வெட்டி இன்னா பண்ணப் போறாங்க" என்று பேசிக்கொண்டார்களாம். ஓடையின் நடுவிலேயே இருபது அடிக்குப் பக்கமாகப் பள்ளம் எடுப்பது, சிமெண்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குவது. இது தண்ணீர் எடுக்கிற கிணறு இல்லை, தண்ணீர் கொடுக்கிற கிணறு என்று அவர்களுக்கு விளக்கினார்களாம். மழையில் ஓடிவரும் தண்ணீர் மேலேயே ஓடிப்போகாமல் இதன் வழியாகக் கீழ் அடுக்குக்குப் போகும். மேலே மலைச் சரிவில் கல் அடுக்கித் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் நாகநதியைப் பற்றிப் பேசியபோது அம்மா ரேடியோவை அணைக்கவே விடவில்லை. அம்மா சொல்வது இதுதான்: உறைக்காகப் பள்ளம் வெட்டும்போது மேலே பத்து அடி மண் பொடியாக இருந்ததாம். இரண்டு மழைக்காலம் கழித்துப் பக்கத்தில் இன்னொன்று வெட்டினபோது பாதி ஆழத்திலேயே மண்வெட்டியில் மண் ஒட்டியதாம். அந்த ஒட்டிய மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்கிறார்.

சத்துவாச்சாரி:

எல்லாவற்றையும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். விரிஞ்சிபுரம் தம்பி எழுதிய ஊற்றுத் தண்ணீரை எதிர்வீட்டு ஆயா இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

நம் ஊரை மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். பல காலம் சாமி இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்துதான் 1981இல் திரும்பிப் போனார். அந்த நாளை ஆயா இப்போதும் சொல்வார். ஆறும் அப்படித் திரும்ப வர முடியும் என்று நான் நம்புகிறேன். நமக்கு மழை குறைவு என்பதும் சரியில்லை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் பெய்கிற ஊர் இது.

எங்கள் தெருவில் செய்ததை எழுதுகிறேன். 2003இல் சட்டம் வந்தபோது எல்லா வீட்டிலும் மழைநீர்த் தொட்டி கட்டினோம். அதற்கப்புறம் யாரும் மூடியைத் திறக்கவில்லை. காவிரித் தண்ணீர் வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். தண்ணீர் ரயில் கிளம்பிய அந்த 2019இல் திறந்து பார்த்தால் எங்கள் தொட்டியில் ஜல்லி தெரியாத அளவுக்கு இலையும் சேறும். மாடியில் இருந்து வரும் பைப்பு பாதியில் உடைந்து சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். நூற்றுமுப்பது குடம். நான் ராத்திரி இரண்டு மணிக்குப் பதினெட்டுக் குடத்துக்காகக் காத்திருந்தபோது இத்தனை வருஷமாக அது சாக்கடைக்குப் போயிருக்கிறது.

தெருக்கோடியில் குப்பை கொட்டி மூடின பொதுக்கிணறு ஒன்று இருந்தது. ஏழு வீடு சேர்ந்து ஆள் வைத்துத் தூர் வாரினோம். நான்கு நாள் ஆனது. உள்ளே இருந்து பிளாஸ்டிக், ஒரு தையல் மிஷின் சக்கரம், யாரோ தவறவிட்ட மூன்று பித்தளைக் குடங்கள். ஏழு மாடியின் மழைத் தண்ணீரையும் ஜல்லி, மணல் போட்ட தொட்டி வழியாக அதில் விட்டோம். அதைக் குடிக்க முடியாது, புழங்குவதற்குத்தான். கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு மாசம் பிறந்தால் கிணற்றில் இறக்கி அளக்கிறேன். முதல் ஐப்பசி முடிந்ததும் ஒன்பது முடிச்சு நனைந்தது. சித்திரையில் இரண்டு. வைகாசிக் கடைசியில் ஒன்றும் நனையாமல் கல் மட்டும் ஈரமாக மேலே வந்தது, அந்தக் கல்லை ஆயா கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

இந்தச் சித்திரையில் நான்கு முடிச்சு.