இடுப்பு வாரைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பை எனக்குப் பிடிபட்டது

செந்தூல், கோலாலம்பூர்

பனிமலை ஏறுவதற்கென்றே தைக்கிற மெல்லிய முதுகுப்பையை யாராவது சுமந்திருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று போன மாதம் இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு வருஷமாக நான் அப்படி ஒரு பையைத்தான் வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம், அதை வாங்கியதே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பை 35 லிட்டர். சமையலறைத் தராசில் வைத்தால் 700 கிராம் சொச்சம். என் பழைய பை வெறுமையாகவே இரண்டு கிலோ இருந்தது. புதியதில் போத்தல் வைக்க வலைப்பை கிடையாது, இடுப்பில் பாக்கெட் கிடையாது, முதுகில் காற்றோட்டமான வலை கிடையாது. நீளமாக, ஒடுக்கமாக ஒரே ஒரு அறை. முதுகுப் பக்கம் மடித்துச் செருகிய ஒரு நுரைத்தகடு. வெளியே ஐஸ் ஆக்ஸ் என்னும் பனிக்கோடாலி மாட்ட இரண்டு வளையம், கயிற்றை மேலே கட்ட ஒரு பட்டை. அவ்வளவுதான்.

வாங்கிய இரண்டாவது வாரமே பயிற்சிக்காக நுவாங் மலைக்குக் கொண்டுபோனேன். சிலாங்கூரில் உயரமான மலை, 1,493 மீட்டர். பங்சூன் பக்கமிருந்து ஏறினால், கெம் லோலோ என்ற முகாம் வருவதற்குள்ளேயே அந்த நீண்ட மண்சாலை ஆளைச் சோர வைத்துவிடும். பயிற்சி என்பதால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களாக அடுக்கி 12 கிலோ ஏற்றியிருந்தேன். கெம் பாச்சாட் போய்ச் சேரும்போது தோள்பட்டை இரண்டும் எரிந்தன. பாச்சாட் என்றால் அட்டை. பெயருக்கேற்றபடி அட்டைகள் காலில் ஏறிக்கொண்டிருக்க, ஒரு வாய் தண்ணீருக்காக நான் பையைக் கழற்றித் தரையில் வைத்து, மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். கூட வந்தவர்கள் பைக்குள்ளிருந்து வரும் தண்ணீர்க் குழாயை நடந்தபடியே உறிஞ்சிக் குடித்தார்கள். அன்று இரவு பையை விற்றுவிடலாம் என்று படம்கூட எடுத்து வைத்தேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பையில் உலோகச் சட்டம் இல்லை. சட்டம் இருந்தால்தான் எடை இடுப்புக்கு இறங்கும். நுரைத்தகடு மட்டும் இருக்கும் பையில் எட்டு, பத்து கிலோவைத் தாண்டினால் மிச்சமெல்லாம் தோளில்தான் உட்காரும்.

அப்போதெல்லாம் பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் ஏறப் பழகிக்கொண்டிருந்தேன். அங்கே வரும் ஓர் அண்ணன் இமயமலைப் பக்கம் சில தடவை போய் வந்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஹார்னஸையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கிட்டு இந்தப் பையை மாட்டு" என்றார். மாட்டினேன். ஹார்னஸ் என்பது ஏறும் கயிற்றோடு நம்மைப் பிணைக்க இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார். பையின் இடுப்பு வாரின் கொக்கி ஹார்னஸ் கொக்கியின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. கயிறு கோக்கும் காரபீனர் கொக்கிகளை மாட்டும் வளையங்கள் எல்லாம் வாருக்கு அடியில் மறைந்துவிட்டன. "மேலே பார்" என்றார். பார்க்க முடியவில்லை. ஹெல்மெட்டின் பின்பக்கம் பையின் தலைமூடியில் இடித்தது. அவர் ஒன்றும் பேசாமல் இடுப்பு வாரைத் தனியாக உருவி எடுத்தார், தலைமூடியையும் கழற்றினார். "இப்போ ஏறு" என்றார்.

ஏறினேன். பை இருப்பதே தெரியவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், தெரிந்தது. ஆனால் ஆடவில்லை. கை உயரும்போது பையின் பக்கம் எங்கும் முட்டவில்லை. குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தேன், நிமிர்ந்து கை பிடிக்கும் இடத்தைப் பார்த்தேன். அது நடப்பவனுக்குத் தைத்த பை இல்லை, ஏறுகிறவனுக்குத் தைத்தது. ஒடுக்கமாக இருப்பது கைக்காக. பாக்கெட் இல்லாதது பாறை இடுக்கில் சிக்காமல் இருப்பதற்காக. வாரும் மூடியும் கழன்று வருவது ஹார்னஸுக்காகவும் ஹெல்மெட்டுக்காகவும். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எடையை மட்டும்தான் சொன்னார்கள், நானும் எடையை மட்டும்தான் கேட்டேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடப்பார். "பால் ஆடக் கூடாதுடா, ஆடினா வழியறது மட்டுமில்ல, தோளையும் கழட்டிரும்" என்பார். பையின் பக்கப் பட்டைகளை இழுத்துக் கட்டும் ஒவ்வொரு தடவையும் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கனமான பொருள் முதுகை ஒட்டி, இலேசானது வெளிப்பக்கம், பட்டை நன்றாக இறுக. சட்டம் இல்லாத பையில் அடுக்குகிற விதம்தான் சட்டம்.

அடுத்த வருஷம் நேப்பாளம் போய் ஐலண்ட் பீக் ஏறினேன். இம்ஜா சே என்பது அதன் இன்னொரு பெயர். 6,000 மீட்டரைத் தாண்டிய சிகரம். அதில் முதன்முதலாக ஏறியவர்கள் 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர்தான், அதுவும் பயிற்சிக்காக. டென்சிங்கும் அவர்களோடு இருந்தார். நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். இருட்டில் பாறை, பிறகு பனி தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து பூட்ஸில் கிராம்பான் என்ற உலோக முள்சட்டத்தைக் கட்டிக்கொண்டோம். பையிலிருந்த நுரைத்தகட்டை உருவி அடியில் போட்டு உட்கார்ந்தேன். வெறும் பனியில் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தபோது, அந்தத் தகடு ஏன் உருவி எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று விளங்கியது.

இன்னொன்றும் அங்கே விளங்கியது. நுவாங்கில் நான் பொறாமைப்பட்ட அந்தத் தண்ணீர்க் குழாய், அந்தக் குளிரில் உறைந்து போய்விடும். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது. பைக்குள் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியவில்லை. நான் வாய் அகலமான போத்தலைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தலைகீழாகப் பைக்குள் வைத்திருந்தேன். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், அதனால் மூடிப் பக்கம் அடைபடாது. கடைசிச் செங்குத்துப் பனிச்சுவரில் கட்டிய கயிற்றில், மேலே மட்டும் நகரும் ஜுமார் பிடியைத் தள்ளித் தள்ளி ஏறும்போது பார்வை முழுக்க மேலேதான் இருந்தது. ஹெல்மெட் எங்கும் இடிக்கவில்லை. பத்துமலை அண்ணனை அங்கே நினைத்துக்கொண்டேன்.

ஜெலுத்தோங், பினாங்கு

செந்தூல் தம்பி எழுதியதைப் படித்தேன். நான் ஏறுவதைப் பற்றிப் பேசாமல் பையைப் பராமரிப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வெப்பமும் ஈரமும் இந்தப் பைகளுக்குப் பெரிய எதிரி.

என்னிடம் இருந்த முதல் பை 210 டெனியர் நைலான். டெனியர் என்றால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் அந்த எண். துணி நன்றாகத்தான் இருந்தது. ஒரு பயணம் முடித்து மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, புளித்த வாடை வேறு. தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே பூசிய பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்து போயிருந்தது. துணி கிழியவே இல்லை, ஆனால் பை போய்விட்டது. பூச்சு செதில் செதிலாக உரிந்து ஸ்லீப்பிங் பேக்கில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது வைத்திருப்பது டைனீமா வகை. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசான இழை, ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: 150 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். கிழிசலை மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது, பட்டென்று பையை இழுத்துக்கொண்டேன். அந்தத் துணியைத் தைக்கவும் கூடாது, ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீர் புகும் வழி. இரண்டு பக்கமும் ஒட்டுப்பட்டை போட்டு, ஒரு நாள் முழுக்கப் புத்தகத்தை மேலே வைத்து அழுத்தினேன். இன்றுவரை பிரியவில்லை.

நான் செய்வது இதுதான்: ஏறி முடித்த அன்றைக்கே பையைக் கவிழ்த்துத் தொங்கவிடுவேன், காய்ந்த பிறகும் மடிப்பதில்லை, அறைக் கதவில் திறந்தபடியே தொங்கும். காரின் பின்பெட்டியில் ஒரு நாளும் வைப்பதில்லை. வாரம் ஒரு தடவை தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து பயிற்சிக்காகப் பினாங்கு மலை ஏறும்போதும் இதே பைதான். மூன் கேட் வழியில் வேர்களைப் பிடித்து ஏறுகிற இடங்களில் ஒடுக்கமான பை சுகமாக இருக்கிறது. வழியில் இருக்கும் 84ஆம் நிலையம் என்ற ஓய்விடத்தில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என்னுடையதும் பிசுபிசுத்துத்தான் போனது.

சபாவில் இருக்கும் கினபாலு மலைக்கு இந்த மாதிரிப் பை தேவையா என்று சிலர் கேட்பதால் சொல்கிறேன். நான் கொண்டுபோனேன், தேவைப்படவில்லை. 4,095 மீட்டர் உயரம்தான், ஆனால் வழக்கமான பாதையில் ஹார்னஸும் வேண்டாம், கிராம்பானும் வேண்டாம். அங்கே மழைதான் பிரச்சினை. இரவு தங்கும் இடமான பனாலாபானுக்கு ஏறும் பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. பைக்கு மேலே போடும் உறை காற்றில் பறந்தது. உள்ளே கறுப்புக் குப்பைப்பை ஒன்றை விரித்து அதற்குள் துணிகளைப் போட்டிருந்தவர்கள்தான் காய்ந்த சட்டையோடு தூங்கினார்கள். குறைகிற கிலோவுக்கு இவ்வளவு ரிங்கிட் என்று கணக்குப் போட்டு விலை உயர்ந்த பை வாங்குவதற்கு முன் ஒரு குப்பைப்பை வாங்கிப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

என் வயது இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1997 மே 23ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள் என்ற செய்தி வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதன்முதலில் அங்கே நின்ற மலேசியர்கள் இரண்டு பேருமே நம்மவர்கள். அன்றைக்குத்தான் மலை என்பது நமக்கும் உரியது என்று எனக்குத் தோன்றியது. அந்த வருஷமே ஒரு பெரிய பையை வாங்கி, முதுகு வலிக்க வலிக்க இருபது வருஷம் சுமந்தேன்.

இப்போது முழங்கால் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது. பையை மெல்லியதாக மாற்றினேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: கிராம்பானை அதன் உறை இல்லாமல் பைக்கு வெளியே கட்டினேன், ஒரே நாளில் முள் துணியைக் குத்திக் கிழித்துவிட்டது. பழைய தடித்த பை அதையெல்லாம் தாங்கும், இது தாங்காது. இறங்கும்போது பயிற்சித் தண்ணீரை உச்சியிலேயே கொட்டிவிடுங்கள் பிள்ளைகளே. ஏறும் எடை தசைக்கு, இறங்கும் எடை முழங்காலுக்கு.

செந்தூல், கோலாலம்பூர்

ஐயா, கிராம்பானுக்கு நான் பழைய கேன்வாஸ் கால்சட்டையின் காலை வெட்டித் தைத்த உறை வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒன்று தைத்துத் தருகிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் என் முதுகின் நீளம் வேறு, உங்களுடையது வேறு. தோளிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்து வையுங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பத்துமலைப் பக்கம் வாருங்கள். ஹார்னஸும் ஹெல்மெட்டும் நான் கொண்டுவருகிறேன், இரண்டு அளவில் பையும் இருக்கும். நீங்கள் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்று எடுத்து வாருங்கள், அதை உள்ளே வைத்துக் கட்டிப் பார்ப்போம்.