டி.என்.ஏ. ஃபிராக்மென்டேஷன் இன்டெக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> விந்துப் பரிசோதனை அறிக்கையில் டி.என்.ஏ. ஃபிராக்மென்டேஷன் இன்டெக்ஸ் (டி.எஃப்.ஐ.) 28 என்று வருகிறது. 'மரபணுச் சிதைவுக் குறியீடு' என்று எழுதலாமா?

வணக்கம்.

வேண்டாம் என்பேன். மரபணு என்பதை ஜீனுக்கு வழங்கிவிட்டோம். இங்கே முறிவது டி.என்.ஏ. இழை. 'சிதைவு' என்றால் எல்லாம் அழிந்துபோனது போல ஒலிக்கிறது. நடப்பது ஒற்றை இழையிலோ இரண்டிலுமோ ஆங்காங்கே விழும் முறிவு.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு விந்தணுவிலும் 28 விழுக்காடு டி.என்.ஏ. உடைந்திருக்கிறது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். நூறு விந்தணுக்களில் 28-இல் முறிவு தெரிகிறது என்பதுதான் பொருள். இந்த முறிவை அளக்கும் எஸ்.சி.எஸ்.ஏ. என்ற சோதனையில் விந்தணுக்களை அமிலத்தில் இட்டு, அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றுவார்கள். முறியாத இரட்டை இழை பச்சையாக ஒளிரும். முறிவுள்ள இடத்தில் இழை பிரிந்து சிவப்பாக ஒளிரும். கருவி ஆயிரக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கிறது. எண்ணப்படுவது விந்தணு என்பதால் பெயரிலும் அது வர வேண்டும்.

என் பரிந்துரை: முறியிழை விந்தணு வீதம்.

'விந்தணுத் தரக் குறியீடு' என்று இன்னொரு நண்பர் முன்வைத்ததும் பொருந்தாது. தரம் என்றால் எண்ணிக்கை, அசைவு, உருவம் எல்லாம் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழெல்லைகள் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 விழுக்காடு, இயல்பான உருவம் 4 விழுக்காடு. இவை அத்தனையும் சரியாக இருந்தும் முறியிழை வீதம் உயர்ந்திருக்கலாம். 1992-இல் பிரசெல்ஸ் குழு அறிவித்த இக்ஸி முறையில் ஒரே ஒரு விந்தணுவைத் தேர்ந்து முட்டைக்குள் செலுத்துகிறார்கள். அசைவையும் உருவத்தையும் பார்த்துத்தான் தேர்வு. முறிவு நுண்ணோக்கியில் தெரியாது. முட்டை சில முறிவுகளைத் தானே சரிசெய்யும், எல்லாவற்றையும் அல்ல.

பெயரில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அறிக்கையைக் கையில் வாங்கும் தம்பதியர். வீதம் கூடினால் கருச்சிதைவு வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தையே பிறக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல்கூட முதற்கட்டச் சோதனைக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. கரு திரும்பத் திரும்பக் கலையும்போது பார்க்கச் சொல்கிறது. விந்தணு புதிதாக உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். புகையை விட்டாலோ விரைநாளப் புடைப்புக்கு (வேரிகோசீல்) அறுவை செய்தாலோ எண் இறங்கவும் கூடும். இறங்கக்கூடிய எண்ணுக்குச் 'சிதைவு' என்று பெயர் வைத்து அவர்களைக் கலங்கடிக்கக் கூடாது.

அப்புறம், விந்தணு முன்னேறி நீந்துவதைக் குறிக்கும் புரோகிரசிவ் மொட்டிலிட்டிக்கு 'நேரசைவு' வேண்டாம். பெரிய வட்டமாக நீந்தும் விந்தணுவும் அந்தக் கணக்கில் சேரும். 'முன்செல் அசைவு' என்று வைக்கலாமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.