வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம் தெளிவாக அமைய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஆத்தங்குடி, பட்டறைக்காரர் மகள்

எங்கள் குடும்பத்தார் ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வடிவம் கொண்ட தரை ஓடு) பட்டறை நடத்துகிறார்கள். கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் வேலையை அப்பாவும் சித்தப்பாவும் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. உள்ளூர் வாடிக்கையாளர்களிடம் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் கேட்ட விவரங்களுக்கு நான் அனுப்பிய பின்வரும் கடிதத்திற்கு, பதிலாக மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன.

“ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் எஸ்டீம்டு மெயில், வி ஆர் ஹேவிங் தி டிசைன் ஆஸ்க்ட் பை யூ அண்ட் தி சேம் வில் பி டிஸ்பாட்ச்டு டில் 25த். சம் கலர் டிஃபரன்ஸ் வில் பி தேர் ஒன்லி. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக்.”

இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்புவீர்களா அல்லது அந்தத் தேதி வரை மட்டுமே அனுப்புவீர்களா, நிற வேறுபாடு என்பது கல்லில் உள்ள குறையா, நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பவையே அவருடைய கேள்விகள். எழுத்துப் பிழை திருத்தும் செயலியில் இட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு இடங்களை மட்டுமே காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தால், “டைம்லெஸ் எலிகன்ஸ்” என்பது போன்ற அலங்காரச் சொற்களைச் சேர்த்துத் தருகிறதே தவிர, தேதியைப் பற்றிய குழப்பம் அப்படியே இருக்கிறது. நான் இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா, சொல்வளத்தைப் பெருக்க வேண்டுமா, எங்கே தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. புதிய சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதும் இதற்கு உதவாது. உங்கள் கடிதத்தில் இருக்கும் சொற்கள் எல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களே. அவற்றைப் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது.

அவருடைய முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் “25ஆம் தேதிக்குள்” என்பதும் “25ஆம் தேதி வரை” என்பதும் வேறு வேறு என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு “பை”, இரண்டாவதற்கு “டில்” அல்லது “அன்டில்”. “டில்” என்று எழுதினால், அந்த நாள் வரை ஒரு செயல் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் என்று பொருள்படும். ஒரு முறை லாரியில் ஏற்றி அனுப்பும் சரக்கை அந்தச் சொல்லோடு சேர்க்கவே முடியாது என்பதால் அவர் குழம்பியதில் வியப்பில்லை. வணிகக் கடிதத்தில் பெரிய சொற்களைவிட இத்தகைய சின்னஞ்சிறு இடைச்சொற்களே பணத்தையும் நாளையும் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, “ஒன்லி”. நம்முடைய “தான்” என்னும் அழுத்தத்தைத் தமிழர்கள் இச்சொல்லின் மீது ஏற்றி, வாக்கியத்தின் கடைசியில் வைத்துவிடுகிறோம். ஆங்கிலேயருக்கு அது “மட்டும்” என்ற பொருளையே தரும். “நிற வேறுபாடு மட்டும் இருக்கும்” என்று படித்தவர் அதை ஒரு குறையை ஒப்புக்கொள்ளும் வாக்கியமாகத்தான் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல நினைத்ததோ, கையால் ஊற்றும் கல்லில் அந்த வேறுபாடு இயல்பானது என்பது. காரணத்தை எழுதிவிட்டால் அழுத்தம் கொடுக்கும் சொல்லே தேவைப்படாது.

மூன்றாவது, “டூ தி நீட்ஃபுல்”. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வணிகக் கடிதங்களில் இத்தொடர் தாராளமாக வழங்கியது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டு விற்கப் போன நம் பக்கத்துப் பெரியவர்கள் பிரிட்டிஷ் வங்கிகளோடு வரவுசெலவு வைத்திருந்த காலத்தில், அலுவலக நடை என்றால் அதுவாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் அந்த நடை வழக்கொழிந்துவிட்டது, இந்தியாவில் இன்றும் இருக்கிறது. பழையது என்பதற்காக அதை விடச் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுவதே அதன் கேடு. எத்தனை சதுர அடி வேண்டும் என்பதும் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதும்தான் உங்களுக்குத் தேவையென்றால், அந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “ரிவர்ட்” என்பதற்கு, பதில் எழுதுதல் என்ற பொருள் நம் அலுவலகங்களில் வேரூன்றியிருந்தாலும், இங்கிலாந்தில் பலருக்கு அது “பழைய நிலைக்குத் திரும்புதல்” என்றே முதலில் படும். “ரிப்ளை” என்னும் எளிய சொல் போதும்.

“ஆர் ஹேவிங்” என்பது “வைத்துக்கொண்டிருக்கிறோம்” என்பதன் நேர் நிழல். உடைமையைக் குறிக்கும்போது “ஹாவ்” என்ற வினை தொடர் நிகழ்கால வடிவத்தை ஏற்பதில்லை. “வி ஆர் ஹேவிங் லன்ச்” என்பது சரி, ஏனெனில் அங்கே அது உண்ணுதல் என்னும் செயல். “வி ஹாவ் தி டிசைன்” என்பதே இங்கு வேண்டியது.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது வாக்கியத்தின் அமைப்பு. “போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தில் இருந்த தாமரைப்பூ வடிவக் கல்” என்று தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், வினைமுற்று கடைசியில் வந்து எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்று படிப்பவர் எதிர்பார்க்கிறார். எனவே நம் மனத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்கிறார் என்பதை முன்னால் வையுங்கள். உங்கள் கடிதத்தை நான் இப்படி எழுதுவேன்.

“வி ஹாவ் தி டிசைன் யூ ஆஸ்க்ட் ஃபார், அண்ட் வி கேன் டிஸ்பாட்ச் தி டைல்ஸ் பை 25 ஜூன். ஈச் டைல் இஸ் போர்டு பை ஹேண்ட், ஸோ தி ஷேட் வேரீஸ் ஸ்லைட்லி ஃப்ரம் ஒன் டைல் டு தி நெக்ஸ்ட். குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் தி குவான்டிட்டி அண்ட் தி டெலிவரி அட்ரஸ்?”

மரியாதை குறைந்துவிட்டதோ என்று உங்களுக்குத் தோன்றலாம். தமிழில் மரியாதை “தங்கள்” என்னும் சொல்லிலும் வினைமுற்றின் விகுதியிலும் தங்கியிருப்பதால், அதை விட்டுவிட மனம் ஒப்பாது. ஆங்கிலத்தில் அதே மரியாதை “குட் யூ” போன்ற துணைவினையிலும், கேட்பதற்கான காரணத்தைச் சொல்வதிலும், கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதிலளிப்பதிலும் இருக்கிறது. “எஸ்டீம்டு” என்பதை எடுத்துவிட்டால் அவர் வருந்தமாட்டார், தேதியைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் வருந்துவார்.

மறுமொழி: கானாடுகாத்தான், விருந்தினர் இல்லம் நடத்தும் ஆச்சி

ஆசிரியர் வாக்கியத்தைப் பற்றிச் சொன்னார், நான் பெயர்ச்சொற்களைப் பற்றிச் சொல்கிறேன். நாம் ஆங்கிலம் என்று நினைத்து எழுதும் பல சொற்கள் வெளிநாட்டில் வேறு பொருளுக்கு உரியவை. “ஸ்லிப்பர்ஸை வெளியே விடவும்” என்று வளவின் (வீட்டின் நடு முற்றப் பகுதியின்) வாசலில் எழுதி வைத்தால், இங்கிலாந்திலிருந்து வரும் விருந்தினர் திகைக்கிறார். அவர்கள் ஊரில் ஸ்லிப்பர் என்பது வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற காலணி. “ஷூஸ்” என்றோ “ஃபுட்வேர்” என்றோ எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது.

சாப்பாட்டு அட்டையிலும் இதே கதை. பிரிஞ்சால் என்பது இங்கிலாந்தில் ஆபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட். வெண்டைக்காயை லேடீஸ் ஃபிங்கர் என்று எழுதினால், அமெரிக்கருக்கு அது ஒரு பிஸ்கட்டின் பெயராகப் படும், ஓக்ரா என்று எழுத வேண்டும். “ஹோட்டல்” என்று சாப்பாட்டுக் கடையைச் சொன்னால் தங்குமிடம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவை எவையும் இலக்கணப் பிழை அல்ல என்பதால் எந்தச் செயலியும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது.

வீட்டை வருணிக்கும்போதும் கவனம் தேவை. நூறு ஆண்டு வயதுடைய வீட்டை “ஏன்சியன்ட் பேலஸ்” என்று எழுதுவது நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. ஏன்சியன்ட் என்றால் கிரேக்க, ரோமானியக் காலத்தை நினைப்பவர்கள் வந்து பார்த்து ஏமாற்றம் அடைவார்கள். “1910இல் கட்டப்பட்ட வீடு, பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தளம்” என்று உள்ளதை எழுதினால் அதுவே போதுமான பெருமை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் ஈடு தேடி அலைய வேண்டாம். தமிழ்ப் பெயரையே எழுதி, அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: காரைக்குடி, மென்பொருள் பணியாளர்

மேலே உள்ள பதில்களை மதிக்கிறேன், ஆனால் ஒரு கருத்தில் மாறுபடுகிறேன். இந்திய ஆங்கிலத்தைப் பிழை என்று ஒதுக்குவது சரியல்ல. “ப்ரீபோன்” (குறித்த நாளை முன்கூட்டி மாற்றுதல்) என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் பயன்படுத்தும் வழக்கை, இங்கிலாந்துக்காரருக்குப் பழக்கமில்லை என்பதற்காக நாம் ஏன் கைவிட வேண்டும்?

செயலியைப் பற்றி ஒரு யோசனை. கடிதத்தை அழகாக்கித் தா என்று கேட்டால் அது அலங்காரத்தைத்தான் சேர்க்கும். “இக்கடிதத்தைப் படிப்பவர் எந்தெந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்?” என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே செய்யுங்கள். அதற்கு முன், கடிதத்தில் இருக்க வேண்டிய அளவு, எண்ணிக்கை, விலை, தேதி ஆகியவற்றைத் தமிழில் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எது விடுபட்டது என்று உடனே தெரியும்.

தேவகோட்டை ஆசிரியர்

தம்பி சொல்வது நியாயமானது, நானும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு எழுதும் கடிதத்தில் “ப்ரீபோன்” தாராளமாக வரலாம், இருவருக்கும் அது பொதுச் சொத்து. படிப்பவர் யார் என்பதுதான் அளவுகோல். நம் வழக்கை அறியாத ஒருவர் நம்மிடம் சரக்கு வாங்கப் பணம் அனுப்பப் போகிறார் என்றால், அவருக்குப் புரியும் சொல்லைத் தேர்வது நம் வழக்கைத் தாழ்த்துவது ஆகாது.

மறுமொழி: காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை

சொல் தேர்வு சட்டத்தோடும் தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் கதவுகளும் தூண்களும் பீங்கானும் விற்பவர்கள் எல்லாவற்றையும் “ஆன்டிக்” என்று எழுதிவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள் என்ற வகைக்குள் வரும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அறுபது ஆண்டுப் பழைய பெட்டியை அப்படி எழுதினால் வீண் சிக்கல், உண்மையிலேயே நூறு ஆண்டைக் கடந்ததை வேறு பெயரில் எழுதினால் குற்றம். ஆகவே பெயரடையைத் தேடுவதைவிடத் தெரிந்த வயதை எழுதுங்கள். பழைய மாதிரியில் புதிதாகச் செய்தது என்றால் “ரெப்ளிகா” அல்லது “ரீப்ரொடக்‌ஷன்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் பட்டறையில் இன்று வார்க்கும் கல்லுக்கு “ஹேண்ட்மேட்” என்பதே பொருத்தமானது.

கேட்டவர்: ஆத்தங்குடி, பட்டறைக்காரர் மகள்

ஐயா, ஆச்சி, பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தேதியைத் திருத்தி எழுதியதும் அவர் அளவையும் முகவரியையும் அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. “எ”, “தி” ஆகியவற்றை எங்கே இடுவது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை, அவை விடுபட்டால் பெரிய பாதகம் உண்டா? மேலும் “இன்ஃபர்மேஷன்ஸ்” என்று எழுதியதைச் செயலி ஏன் தவறு என்கிறது? தமிழில் தகவல்கள் என்று பன்மையில் சொல்வது இயல்பாகத்தானே இருக்கிறது?

தேவகோட்டை ஆசிரியர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். சில பெயர்ச்சொற்களை ஆங்கிலம் எண்ணிச் சொல்ல முடியாதவையாகக் கருதுகிறது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் ஆகிய ஐந்தும் உங்கள் கடிதங்களில் அடிக்கடி வரும் என்பதால் இவற்றை முதலில் மனத்தில் இருத்துங்கள். இவற்றோடு பன்மை விகுதி சேராது. மற்ற சொற்களுக்கு, கற்பவர்களுக்கென்று வெளியிடப்படும் ஆங்கில அகராதியைப் பாருங்கள். எண்ணக்கூடிய பெயருக்குப் பக்கத்தில் “சி” என்னும் எழுத்தும் எண்ண முடியாததற்கு “யு” என்னும் எழுத்தும் இட்டிருப்பார்கள். பலர் அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு இந்த எழுத்தைக் கவனிக்காமல் மூடிவிடுகிறார்கள்.

“எ”, “தி” விடுபட்டால் பெரும்பாலும் பொருள் கெடாது, ஆகவே அவற்றுக்காக எழுதத் தயங்க வேண்டாம். உங்கள் தொழிலில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஓர் இடம் மட்டும் உண்டு. “எ ஃப்யூ டைல்ஸ் வேர் ப்ரோக்கன்” என்றால் சில கற்கள் உடைந்திருந்தன என்று பொருள். அதிலிருந்து “எ” போய்விட்டால், உடைந்தவை மிகக் குறைவு, ஏறத்தாழ இல்லை என்று பொருளாகிவிடும். வாடிக்கையாளர் உடைசலைப் பற்றி எழுதும் கடிதத்தை நீங்கள் படிக்கும்போதும் இந்த வேறுபாட்டைப் பாருங்கள்.

எழுத்து நடை மேம்பட, உங்களுக்கு வரும் நல்ல கடிதங்களைத் தனிக் கோப்பில் சேர்த்து வைத்து, அவர்கள் விலை கேட்கும் விதத்தையும், தாமதத்தைச் சொல்லும் விதத்தையும், மறுக்கும் விதத்தையும் கவனித்து, அந்தத் தொடர்களை உங்கள் கடிதத்தில் பயன்படுத்துங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரியுங்கள்.

கடைசியாக எண்களைப் பற்றி. அவர்களுக்கு 05/06 என்று எழுதாதீர்கள். இங்கிலாந்தில் அது ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 1,50,000 என்று நாம் இடும் காற்புள்ளி அவர்களுக்குப் பழக்கமில்லை, 150,000 என்று இடுங்கள். லட்சம் என்ற சொல்லையும் தவிருங்கள். கல்லின் அளவை 8 அங்குலம் என்று குறிக்கும்போது, பக்கத்தில் 203 மில்லிமீட்டர் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஏனெனில் அவருடைய வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும்.