பாடத்திட்டப் பெட்டியையும் பிள்ளையின் ஆர்வத்தையும் சேர்த்து நடத்துபவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது, வீட்டிலேயே படிக்கிறாள். எல்லாப் பாடமும் ஒரே பெட்டியாகச் சேர்ந்து வரும் ரெடிமேட் பாடத்திட்டம் ஒன்று வாங்கியிருக்கிறோம். கணக்குக்கு அது பெரிய துணை. இடமதிப்பு புரியாமல் தசமத்துக்குத் தாவ முடியாதே, அந்த வரிசையை நானே அமைப்பது கடினம்.

ஆனால் அவள் இப்போது எறும்புகளில் மூழ்கிக் கிடக்கிறாள். ராணி எறும்பு ஏன் இறக்கையை உதிர்க்கிறது என்று கேட்கிறாள், நூலகப் புத்தகத்தில் தேடுகிறாள், படம் வரைந்து குறிப்பும் எழுதுகிறாள். எழுத்துப் பயிற்சி என்றால் நாலு வரியில் சோர்ந்துபோகும் பிள்ளை, எறும்புக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள்! இதை நிறுத்தி, "இன்றைக்குக் காந்தம்தான் பாடம்" என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

பிள்ளையின் விருப்பமே வழிகாட்டட்டும் என்றார் வீட்டுக் கல்வியை ஆதரித்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹோல்ட். சிறுவர்களுக்குப் பாடம் 15, 20 நிமிடத்துக்கு மேல் நீளக்கூடாது என்றார் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன். இரண்டையும் வைத்து யோசித்தேன்: காலையில் கணக்கும் வாசிப்பும் மட்டும் பெட்டியிலிருந்து, சுருக்கமாக. மீதி நேரம் அவளுடையது. அறிவியலையும் சமூக அறிவியலையும் வரிசை பார்க்காமல், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி நடத்துபவர்கள், விட்டுப்போன பாடங்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? அவள் தானாகக் கற்றதைப் பாட அட்டவணையோடு பொருத்திப் பார்ப்பதா, தனி நாட்குறிப்பு போதுமா? ஓர் ஆர்வம் வடிந்து அடுத்தது வரும்வரை என்ன செய்வீர்கள்? பின்னாளில் பள்ளியில் சேர்த்தவர்கள் இருந்தால், எந்தப் பாடத்தில் இடைவெளி தெரிந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.